செல்லும் செல்போனும்: மில்லிமீட்டர் அலையின் 130 வருடக் கதை

அலைக்கற்றை என்ற சொல்லுக்கும் பெரம்பலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெரம்பலூர் தொகுதியிலிருந்து 1996, 1999, 2004 என்று மூன்று முறை நாடாளுமன்றத்துக்குப் போன ஆ. ராசா, 2007 முதல் 2010 வரை மத்திய தொலைத்தொடர்புத் துறை அமைச்சராக இருந்தார். 2ஜி விவகாரம் வெடித்தபோது, அதுவரை பொறியாளர்கள் மட்டும் பேசிவந்த இந்தச் சொல் டீக்கடை பெஞ்சு வரை வந்து உட்கார்ந்துகொண்டது. 2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21-ம் தேதி சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. சி.பி.ஐ. மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அந்தச் சண்டை முழுக்க அலைக்கற்றையின் விலையைப் பற்றியது. அதே அலைக்கற்றையைப் பற்றி இன்னொரு கேள்வி பல வருடமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த அலை உடம்புக்குக் கெடுதலா?

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் டவர் நிற்கிறது. அரியலூரில் சிமெண்ட் லாரி போகும் ரோட்டு ஓரத்திலும் டவர் நிற்கிறது. இடம் கொடுத்தவருக்கு மாதா மாதம் வாடகை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வாடகை வருவதில்லை, பயம் மட்டும் வருகிறது! 5ஜி வந்த பிறகு "மில்லிமீட்டர் அலை" என்ற புதுப் பெயரும் அந்தப் பயத்தோடு சேர்ந்துகொண்டது. ஆனால் பெயர்தான் புதுசு. மில்லிமீட்டர் அலை உயிருள்ள செல்லை என்ன செய்யும் என்ற ஆராய்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. அந்த அலையை உருவாக்கியவரின் கதையோ இன்னும் பழசு. அது தொடங்கிய இடம் கல்கத்தா.

மில்லிமீட்டர் அலை என்றால் என்ன?

ரேடியோ, செல்போன், மைக்ரோவேவ் அடுப்பு, வெளிச்சம், எக்ஸ்ரே எல்லாம் ஒரே குடும்பம்தான். எல்லாமே மின்காந்த அலைகள். ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம் அலைநீளம். ஒரு விநாடிக்கு எத்தனை அலை என்பது அதிர்வெண். அலைநீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடும்.

900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம். 30 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் அது 1 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. 300 கிகாஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர். இந்த 30 முதல் 300 வரை உள்ள பகுதிதான் மில்லிமீட்டர் அலை. இந்தியாவில் 2022-ல் 5ஜிக்காக ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். கறாராகப் பார்த்தால் எல்லைக்கு வெளியே நிற்கிறது, ஆனாலும் வழக்கில் அதையும் மில்லிமீட்டர் அலை என்றே சொல்கிறார்கள். கையில் உள்ள 4ஜி, 5ஜி போன்களுக்கு வரும் அலைகளில் பெரும்பாலானவை 3.5 கிகாஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும்.

மில்லிமீட்டர் அலைக்கு ஒரு முக்கியமான குணம் உண்டு. தண்ணீர் அதை அப்படியே விழுங்கிவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் 60 கிகாஹெர்ட்ஸ் அலை தோலுக்குள் சுமார் அரை மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மூளைக்கோ ஈரலுக்கோ அது போய்ச் சேராது. தோலும் கண்ணின் வெளிப்படலமும்தான் அதைச் சந்திக்கும் இடங்கள்.

கல்கத்தாவில் ஒரு சின்ன அறை

ஜகதீஷ் சந்திர போஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூடத்தில் படித்த "தாவரங்களுக்கும் உயிர் உண்டு". அதற்கு முன்னால் அவர் இயற்பியல்காரர் என்பது பலருக்கும் தெரியாது.

1858 நவம்பர் 30-ம் தேதி பிறந்த போஸ், இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அதே வேலை பார்த்த ஆங்கிலேயர்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. அதை எதிர்த்து மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார்! கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து பாக்கி முழுவதையும் கொடுத்தது.

1894-ல் அதே கல்லூரியில் ஒரு சின்ன அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சில வருடங்களுக்கு முன்புதான் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ், மின்காந்த அலை உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டியிருந்தார். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை, அதனால் கருவிகளும் பெரியவை. அலையைச் சின்னதாக்கினால் கருவியும் சின்னதாகும், மேசை மேலேயே வெளிச்சத்தைப் போல அதைச் சோதிக்கலாம் என்பது போஸின் யோசனை. 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை அலைகளை உருவாக்கினார். 5 மில்லிமீட்டர் என்றால் 60 கிகாஹெர்ட்ஸ். இன்றைக்கு வைஃபையின் ஒரு வகைக்கும் 5ஜி ஆராய்ச்சிக்கும் பயன்படும் அதே அதிர்வெண்.

கருவிகள் எப்படிப்பட்டவை தெரியுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே மெல்லிய உலோகத்தாளைச் செருகி, அலையின் அதிர்வுத் திசையைப் பிரித்துக் காட்டினார். முறுக்கிய சணல் கட்டின் வழியே அலையை அனுப்பி அதன் திசை திரும்புவதைக் காட்டினார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் முன்னிலையில், சுவர்களைத் தாண்டிப் போன அலை தூரத்தில் இருந்த மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதையெல்லாம் செய்து காட்டினார்.

காப்புரிமை வாங்குவதில் அவருக்கு ஆர்வமில்லை. நண்பர்கள் வற்புறுத்தி, கலீனா படிகத்தை வைத்துச் செய்த அலை உணரிக்கு 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார்கள். 1904-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்து அவர் வியாபாரம் எதுவும் செய்யவில்லை.

உலோகத்துக்குச் சோர்வு, செடிக்கு உணர்ச்சி

இயற்பியலிலிருந்து உயிரியலுக்குப் போஸ் எப்படிப் போனார் என்பது சுவாரஸ்யமான விஷயம். அவருடைய அலை உணரியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் திறன் குறைந்துகொண்டே வந்தது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி சரியானது. 1899 வாக்கில் இதைக் கவனித்த போஸுக்கு, வேலை செய்து களைத்த தசை ஞாபகத்துக்கு வந்தது. உலோகத்துக்கும் சோர்வு உண்டா? அப்படியானால் உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவே கோடு எங்கே?

உலோகம், செடி, தசை மூன்றுக்கும் ஒரே மாதிரி தூண்டல் கொடுத்து, வரும் மின் பதிலை வரைபடமாக எடுத்தார். 1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை முன்வைத்தபோது, உடலியல் துறையின் பெரிய மனிதரான ஜான் பர்டன்-சாண்டர்சன் எதிர்த்தார். இயற்பியல்காரர் தன் வேலையை மட்டும் பார்க்கட்டும் என்ற தொனி அதில் இருந்தது. போஸ் விடவில்லை. 1902-ல் "உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் எதிர்வினை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் தன் புத்தகத்தை வெளியிட்டார். 1917 நவம்பர் 30-ம் தேதி, தன் பிறந்த நாளிலேயே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்.

1919-ல் இரண்டு பாதையும் ஒன்று சேர்ந்தது. கம்பியில்லா அலையைச் செடிகள் மேல் செலுத்தி, வளர்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தன் கிரெஸ்கோகிராஃப் கருவியால் அளந்தார். மெல்லிய தூண்டல் வளர்ச்சியைக் கூட்டுகிறது, பலமான தூண்டல் குறைக்கிறது என்று எழுதினார். ரேடியோ அலை உயிரை என்ன செய்யும் என்று சோதித்த முதல் சிலரில், மில்லிமீட்டர் அலையை முதலில் கையாண்டவரும் இருந்திருக்கிறார்!

அந்த முடிவு சரியா என்பது வேறு கேள்வி. மெல்லிய அலைக்குக்கூட உயிர் பதில் சொல்கிறது என்பதும், அளவைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்பதும் பிற்கால ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வந்த கூற்றுகள். தொடக்கம் இதுதான்.

சோவியத் நாட்டிலிருந்து வந்த செய்தி

அதன் பிறகு மில்லிமீட்டர் அலை ரொம்ப நாள் தூங்கியது. நீண்ட அலைதான் தூரமாகப் போகும் என்பதால் மார்க்கோனி வழியில் உலகம் நீண்ட அலைக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் ராடார் வந்த பிறகுதான் சின்ன அலைகளுக்கு மறுபடி மவுசு வந்தது.

1968-ல் கனடாவில் வெப் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் சகாவும், 136 கிகாஹெர்ட்ஸ் அலை பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று எழுதினார்கள். பெரிய செய்தி வந்தது சோவியத் யூனியனிலிருந்து. அங்கே நிகோலாய் தேவியத்கோவ் என்ற பொறியியல் அறிஞரும் கோலந்த் என்பவரும் மில்லிமீட்டர் அலை தரும் குழாய்களைச் செய்வதில் கெட்டிக்காரர்கள். கருவி கையில் இருந்தது. இதை உயிர் மேல் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று பல ஆய்வகங்களைச் சோதிக்கச் சொன்னார்கள். 1973 ஜனவரியில் சோவியத் அறிவியல் அகாடமி கூட்டத்தில் முடிவுகள் வெளியாயின.

மூன்று விஷயம் சொன்னார்கள். ஒன்று, விளைவு எல்லா அதிர்வெண்ணிலும் வருவதில்லை, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல சில குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வருகிறது. இரண்டு, ஒரு குறைந்தபட்ச சக்தியைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் சக்தியைக் கூட்டினாலும் விளைவு கூடுவதில்லை. மூன்று, முன்கூட்டியே இந்த அலையைக் கொடுத்த எலிகளின் எலும்பு மஜ்ஜை செல்கள், எக்ஸ்ரேயைக் கூடுதலாகத் தாங்குகின்றன.

இதைச் சூடு என்று சொல்லிவிட முடியாது. சூடு என்றால் சக்தி கூடக்கூட விளைவும் கூட வேண்டும். அப்படியானால் செல்லுக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்? சோவியத் டாக்டர்கள் இதை மருத்துவமாகவே ஆக்கிவிட்டார்கள். 5.6 மில்லிமீட்டர், 7.1 மில்லிமீட்டர் அலை தரும் சிகிச்சைக் கருவிகள் வந்தன. மேற்கு நாடுகளில் டவரைப் பார்த்து மக்கள் பயந்த அதே காலத்தில், ரஷ்யாவில் அதே குடும்பத்து அலையை வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

ஃப்ரோலிக் போட்ட கணக்கு

சோவியத் முடிவுகளுக்கு முன்னாலேயே இதற்கு ஒரு கோட்பாடு தயாராக இருந்தது. ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃப்ரோலிக் 1968-ல் அதை முன்வைத்தார்.

அவர் கணக்கு எளிமையானது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். அதன் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 0.1 வோல்ட் மின்னழுத்தம். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் தடிமனால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 1 கோடி வோல்ட்! இவ்வளவு பலமான மின்புலத்தில் இருக்கும் சவ்வு, தட்டிய மணி போல அதிரக்கூடியது. ஒலியின் வேகத்தையும் சவ்வின் தடிமனையும் வைத்துப் பார்த்தால் அந்த அதிர்வு விநாடிக்கு 10,000 கோடி முறை. அதாவது 100 கிகாஹெர்ட்ஸ். சரியாக மில்லிமீட்டர் அலையின் இடம்.

வெளியிலிருந்து அதே சுருதியில் அலை வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, கொஞ்ச சக்தியே பெரிய வேலையைச் செய்யலாம் என்றார் ஃப்ரோலிக். சோவியத் முடிவுகள் வந்தபோது இந்தக் கோட்பாடு அதற்கென்றே தைத்த சட்டை போலப் பொருந்தியது.

ஈஸ்ட் வளர்ந்ததா, இல்லையா?

அடுத்த கட்டம் ஜெர்மனி. கிரண்ட்லர், கைல்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஈஸ்டை எடுத்துக்கொண்டார்கள். ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். சுமார் 42 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்து, அது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அளந்தார்கள். சில அதிர்வெண்ணில் வளர்ச்சி 15 சதவீதம் வரை கூடியது, சிலவற்றில் 29 சதவீதம் வரை குறைந்தது. அதிர்வெண்ணைத் துளி மாற்றினாலும் விளைவு காணாமல் போனது. 1977-ல் ஃப்ரோலிக்கையும் சேர்த்துக்கொண்டு முதல் கட்டுரை வெளியிட்டார்கள். 1983-ல் இயற்பியலின் மிகப் பெரிய ஆய்விதழ்களில் ஒன்றில் அடுத்த கட்டுரை வந்தது. சூடு இல்லாமலே நுண்ணலை உயிரைப் பாதிக்கும் என்பதற்கு இது நிரூபணம் என்று தலைப்பிலேயே சொன்னார்கள்.

இது உண்மையானால் சாதாரண விஷயமில்லை. உலகத்தின் பாதுகாப்பு வரம்புகள் எல்லாம் சூட்டை வைத்துப் போட்டவை. சூடே இல்லாமல் செல் பாதிக்கப்படும் என்றால் அந்த வரம்புகளின் அஸ்திவாரமே ஆடிவிடும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், ஒரு கம்பெனி தன் கணக்கைத் தானே எழுதி லாபம் என்று சொன்னால் போதாது. சம்பந்தமில்லாத ஒரு தணிக்கையாளர் அதே பில்களைப் பார்த்து அதே தொகைக்கு வர வேண்டும். அறிவியலிலும் அதே விதிதான்.

முதல் தணிக்கை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் ஓம் பி. காந்தி. ராஜஸ்தானில் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவர், இந்தத் துறையில் உலக அளவில் பெயர் பெற்றவர். 1986-ல் அவர் குழு ஈஸ்ட் சோதனையைத் திரும்பச் செய்தது. விளைவு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது தணிக்கை சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில். 41.7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அதிர்வெண்ணை 2 மெகாஹெர்ட்ஸ் 2 மெகாஹெர்ட்ஸாக நகர்த்தி, அந்தச் சோதனையையே மறுபடி செய்தார்கள். 1997-ல் முடிவு வந்தது. அலை பட்ட ஈஸ்டும் படாத ஈஸ்டும் ஒரே வேகத்தில்தான் பெருகின.

அப்படியானால் ஜெர்மானியர்கள் பொய் சொன்னார்களா? அப்படிச் சொல்ல யாரிடமும் காரணம் இல்லை. அவர்கள் கவனமானவர்கள், பல வருடம் உழைத்தவர்கள். சோதனையே அவ்வளவு சிரமமானது.

சூடு செய்யும் மாயம்

கண்ணாடித் தட்டில் ஊட்டச்சத்துத் தண்ணீர் ஊற்றி அதில் செல்களை வைத்து அலையைப் பாய்ச்சுவதுதான் வழக்கமான முறை. தண்ணீர் இந்த அலையை ஒரு மில்லிமீட்டருக்குள் விழுங்கிவிடும் என்று முன்னால் பார்த்தோம். அதனால் சூடு முழுவதும் ஒரு மெல்லிய அடுக்கில் சேர்ந்துவிடுகிறது. தெர்மாமீட்டர் தட்டின் சராசரியைத்தான் காட்டும். சராசரியில் வித்தியாசமே இல்லாதபோதும், செல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் சூடு கூடியிருக்கலாம். அலை தட்டில் பட்டுத் திரும்பி, சில இடத்தில் கூடியும் சில இடத்தில் குறைந்தும் விழும். அதிர்வெண்ணைக் கொஞ்சம் மாற்றினால் இந்தப் புள்ளிகள் இடம் மாறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குச் செல் பதில் சொல்வது போலவே தோன்றும்!

சூட்டைத் தவிர வேறு வழியில் இந்த அலை டி.என்.ஏ.வை நேராக உடைக்க முடியுமா? 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றல் சுமார் 0.00025 எலக்ட்ரான் வோல்ட். உடம்பின் இயல்பான சூட்டினால் மூலக்கூறுகள் எப்போதும் இடித்துக்கொள்ளும் ஆற்றலில் இது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கார்பன் பிணைப்பை உடைக்க இதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். எக்ஸ்ரே அந்த வேலையைச் செய்யும். மில்லிமீட்டர் அலைக்கு அந்தப் பலம் இல்லை.

அதற்காக இந்த அலை எந்த அளவிலும் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்க ராணுவம் 95 கிகாஹெர்ட்ஸில் ஒரு கருவி செய்தது. தூரத்திலிருந்து கூட்டத்தின் மேல் அலையை வீசினால், தோலின் மேல் 0.4 மில்லிமீட்டர் மட்டும் சட்டென்று சூடாகி, தாங்க முடியாமல் ஆட்கள் ஓடிவிடுவார்கள். 2010-ல் அதை ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய், பயன்படுத்தாமலே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆக, சக்தி கூடினால் சூடு, சூடு கூடினால் காயம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை முழுக்க, சூடு தெரியாத அளவில் என்ன ஆகிறது என்பதில்தான்.

தில்லியில் எலிகள்

இந்தியாவிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜிதேந்திர பெஹாரியின் ஆய்வகம் இதில் முக்கியமானது. அவரும் கவீந்திர குமார் கேசரியும் எலிகளுக்கு 50 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தினம் 2 மணி நேரம் வீதம் 45 நாள் கொடுத்தார்கள். மூளைச் செல்களின் டி.என்.ஏ. இழைகளில் முறிவு கூடியிருந்தது, செல்லைப் பாதுகாக்கும் சில நொதிகள் குறைந்திருந்தன என்று 2009-ல் எழுதினார்கள். அலையின் அளவோ மிகக் குறைவு, சதுர மீட்டருக்கு 0.0086 வாட். பிற்பாடு இந்தியா வைத்த வரம்பில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

படிப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும் முடிவுதான். ஆனால் ஈஸ்டுக்குப் போட்ட அதே விதி எலிக்கும் பொருந்தும். ஒரு ஆய்வகத்தின் முடிவு என்பது தணிக்கைக்குக் காத்திருக்கும் கணக்கு. 2021-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கரிபிடிஸ் குழு, 6 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைக் குறைந்த அளவில் கொடுத்துச் செய்த 107 சோதனைகளை ஒன்றாக எடுத்து ஆராய்ந்தது. வரம்புக்குள் உள்ள அளவில் கெடுதல் என்று உறுதியான ஆதாரம் இல்லை என்பது முடிவு. விளைவு இருப்பதாகச் சொன்ன ஆய்வுகளில் பல, வேறு யாராலும் திரும்பச் செய்யப்படாதவை, சூட்டைச் சரியாக அளக்காதவை. தரம் கூடிய ஆய்வுகளில் விளைவு சின்னதாகிக்கொண்டே போனது. மேலும் நல்ல ஆய்வுகள் வேண்டும் என்றும் அதே குழு சொன்னது. இந்த இரண்டாவது பாதியை 5ஜி விளம்பரதாரர்கள் சொல்வதில்லை, முதல் பாதியை வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் சொல்வதில்லை!

2012 செப்டம்பர்

2010-ல் மத்திய அரசு பல அமைச்சகங்களைச் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பிறகு 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலைக்கான வரம்பு சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 ஆனது. 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 10 வாட் என்பது 1 வாட் ஆனது. கெடுதல் நிரூபணமானதால் குறைக்கவில்லை, முன்னெச்சரிக்கைக்காகக் குறைத்தார்கள். அதற்கு முந்தின வருடம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ரேடியோ அலைகளைப் "புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற 2பி பட்டியலில் சேர்த்திருந்தது.

அதே 2012 செப்டம்பர் 14-ம் தேதி கொல்கத்தாவில் ஒரு விழா. உலக மின் பொறியாளர்கள் சங்கமான ஐ.இ.இ.இ., போஸின் 1894-96 மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை வரலாற்று மைல்கல் என்று அறிவித்துக் கல்வெட்டு வைத்தது. ஒரே மாதத்தில் ஒரே நாட்டில், அலைக்கு ஒரு பக்கம் கட்டுப்பாடு, இன்னொரு பக்கம் பாராட்டு.

2021-ல் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் போனார். ஜூன் 4-ம் தேதி வழக்கு தள்ளுபடியாகி, 20 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. 2022 ஜனவரியில் அது 2 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அந்த வருடம் அக்டோபர் 1-ம் தேதி 5ஜி தொடங்கிவைக்கப்பட்டது.

சிட்டுக்குருவி என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் சிட்டுக்குருவி வராமல் இருக்காது. டவர் வந்தது, குருவி போனது என்பது பலரின் முடிவு. 2018-ல் வந்த ஷங்கரின் "2.0" படம் அந்த நம்பிக்கையைக் கோடிக்கணக்கான பேரிடம் கொண்டுபோனது. செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கைத் துறையிடம் புகார் கொடுக்கும் அளவுக்குப் போனது.

2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 25 வருடமாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. பூச்சி கிடைக்காதது, கூடு கட்ட இடம் இல்லாதது போன்றவற்றைக் காரணமாகச் சொல்லும் அந்த அறிக்கை, டவர் அலைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஓட்டு வீட்டு இடுக்கும் முற்றத்தில் காயும் தானியமும் இருந்த ஊரில் குருவி இருந்தது. கான்கிரீட் வீட்டில் அது எங்கே கூடு கட்டும்?

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வரும் ஏரி. அங்கே பறவைக்குத் தண்ணீரும் இரையும் வேண்டும். அதைக் காப்பாற்ற வேண்டிய கவனம் முழுவதும் டவர் பக்கம் திரும்பிவிட்டால் நஷ்டம் பறவைக்குத்தான்.

என்ன செய்யலாம்?

130 வருடக் கதையில் தெரிவது இதுதான். மில்லிமீட்டர் அலை செல்லைச் சூடாக்கும், இது உறுதி. வரம்புக்குள் உள்ள அளவில் சூடில்லாமலே கெடுதல் செய்யும் என்று சொன்ன பல சோதனைகள் வந்தன, தணிக்கையில் நிற்கவில்லை. ஃப்ரோலிக்கின் யோசனை முழுக்கச் செத்துவிடவும் இல்லை. 2015-ல் ஸ்வீடனில் ஒரு குழு, லைசோசைம் என்ற புரதத்தில் அவர் சொன்ன மாதிரி அதிர்வின் அடையாளம் தெரிவதாக எழுதியது. அது மில்லிமீட்டரையும் தாண்டிய, இன்னும் சின்ன அலையில்.

ஊரில் டவர் வந்தால் பயப்படுவதும் தப்பில்லை, கேள்வி கேட்பதும் தப்பில்லை. ஆனால் கேட்கும் கேள்வி சரியானதாக இருக்கட்டும். எந்த அதிர்வெண்? சதுர மீட்டருக்கு எத்தனை வாட்? வரம்பு எவ்வளவு? 2017-ல் மத்திய அரசு தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளம் டவர் விவரங்களை மக்களே பார்ப்பதற்காகத்தான் உருவாக்கப்பட்டது. ஆய்வு முடிவு என்று யாராவது அனுப்பினால் இன்னும் ஒரே ஒரு கேள்வி: அதை வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?

டவருக்கு இடம் கொடுத்தவரும் பக்கத்து வீட்டுக்காரரும் நாளைக்கும் ஒரே தெருவில்தான் இருக்கப் போகிறார்கள். வாடகை வாங்குபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் இந்த எண்களைக் கேட்டு வாங்கிப் பக்கத்து வீட்டிலும் காட்டிவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.